குளக்கரையில் எந்தப் பூமரம் வைப்பது?

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

குளக்கரையிலும் பள்ளிக்கூடச் சாலையிலும் பூமரம் வைப்பதென்று சங்கம் முடிவெடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நம் பக்கத்துத் தென்னையையெல்லாம் சாய்த்துப் போட்டதிலிருந்து கரை மொட்டையாகத்தான் கிடக்கிறது. எந்த மரம் என்பதில் ஆளுக்கொரு ஆசை. என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

துபாய் மாமா குல்மொஹர் கேட்கிறார். மே பிளவர் என்று நாமெல்லாம் சொல்வோமே, அதுதான். பூத்து நிற்கும்போது அதற்கு ஈடில்லை, சரி. ஆனால் மாமா, அது மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். வேர் ஆழமாக இறங்காமல் மேலாகவே ஓடும், கிளை சுலபமாக முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்த மரங்களில் அதுவும் தூங்குமூஞ்சியும் நிறைய. பிள்ளைகள் நடந்து போகிற சாலையில் அதை வரிசையாக நட எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டுத் திடல் மூலையில், சுவரும் மின்கம்பியும் இல்லாத இடமாகப் பார்த்து ஒன்று வைக்கலாம்.

தம்பி படம் அனுப்பிய இளஞ்சிவப்பு டிரம்பெட் மரங்களை இங்கே சிங்கப்பூரில் நானும் பார்க்கிறேன். வெயில் சில நாள் காய்ந்து, அப்புறம் நல்ல மழை பெய்தால் சாலையெல்லாம் பூத்துவிடும். கொஞ்ச நாளில் கொட்டியும் விடும். இவர்கள் மரம் வளர்த்த கதையில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1963 ஜூன் 16 அன்று அப்போதைய சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் யூ நட்டுத் தொடங்கியது மெம்பாட் என்ற மரம். சிங்கப்பூர் மண்ணுக்கு உரியது, அழகாகப் பூக்கும். பிறகு சீக்கிரம் நிழல் வேண்டுமென்று அங்சானா மரத்தின் பெரிய கிளைகளை வெட்டி, போத்தாகவே ஊன்றினார்கள். நம் வேங்கைக்கு அது பங்காளி. பின்னாளில் நோய் பரவி அவற்றில் பல பட்டுப்போயின. ஒரே இனத்தை வரிசையாக வைத்தால் எந்த ஊரிலும் இந்த ஆபத்து உண்டு. அதனால் நாம் கலந்து வைப்போம்.

கரையின் மேட்டுக்குச் சரக்கொன்றைதான் என் முதல் ஓட்டு. தண்ணீர் தேங்கினால் அதற்கு ஆகாது, மேடு என்றால் நன்றாக வரும். சித்திரையில் இலையெல்லாம் கொட்டி, மஞ்சள் சரமாகத் தொங்கும்போது கருவண்டுகள் ரீங்காரம் போட்டு மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கன்று விலைக்கு வாங்கவே வேண்டாம். முழம் நீளத்துக்குக் கறுத்துத் தொங்கும் முற்றிய காயை உடைத்தால், உள்ளே தட்டுத் தட்டாக அறை இருக்கும். ஒவ்வொரு அறையிலும் பிசுபிசுப்பான கறுப்புச் சதைக்கு நடுவே ஒரு விதை. சதையைக் கழுவிவிட்டு, விதையின் ஓரத்தைச் சொரசொரப்பான கல்லில் மேல்தோல் தேயும்வரை உரசி, ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் உப்பியிருப்பதை எடுத்து ஊன்றலாம். உப்பாததை மறுபடி உரச வேண்டும். உரசாமல் போட்டால் மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும்.

உவர் ஏறிய கிழக்குப் பக்கத்துக்குப் புன்னையும் பூவரசும். இரண்டும் உப்புக்காற்றுக்குப் பழகியவை. பூவரசுக்குப் போத்தே போதும், ஐப்பசி மழையில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். காலையில் மஞ்சளாக விரிந்த பூ சாயங்காலத்துக்குள் சிவந்துபோகும். அதன் இலையில் பீப்பி செய்து ஊதாதவர் இந்தக் குழுவில் யாரும் இருக்க முடியாது. புன்னை மெதுவாக வளரும், அதற்காக அதை விட்டுவிடக் கூடாது. கோயில் வாசலுக்கு மகிழம், காய்ந்த பிறகும் வாசம் போகாத பூ. ஈரம் நிற்கும் பள்ளத்துக்குப் பூமருது. நாகலிங்க மரம் கேட்ட அக்காவுக்கு: காய் பெரிதாகவும் கனமாகவும் இருக்கும், தலையில் விழுந்தால் ஆபத்து. ஆள் நடமாட்டம் இல்லாத நந்தவனத்துப் பின்பக்கம் என்றால் வைக்கலாம்.

அடுத்தது பணம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆள் உயரக் கன்று வாங்கி ஒரே நாளில் விழாவாக நடுவது என்ற திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பையிலேயே அவ்வளவு உயரம் வளர்ந்த கன்றின் பாலித்தீனைக் கிழித்துப் பாருங்கள், அடியில் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் வேர் சுற்றியபடியே தடித்துப்போகும், பல வருஷம் கழித்து ஒரு பெருங்காற்றில் மரம் அடியோடு சாயும். முழங்கால் உயரக் கன்று போதும், புரட்டாசிக் கடைசியில் நட்டால் பருவமழை மூன்று மாதம் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் இரண்டு கோடைதான் கன்றுக்குக் கண்டம். தண்ணீர் ஊற்ற ஓர் ஆளுக்குச் சம்பளம், ஆடு மேயாமல் முள்வேலி, இந்த இரண்டுக்கும் முதலில் பணத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எத்தனை கன்று வருமோ அத்தனை நட்டால் போதும் என்று பொருளாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கோடைக்கும் ஆள் சம்பளத்தில் என் பங்கை மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன். சேர்ந்துகொள்பவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.

அப்புறம், ஊரில் இருப்பவர்கள் யாராவது ஐயனார் கோயில் புன்னையடியில் காய் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் ஊன்றினால் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும், ஓட்டோடு போட்டால் இரண்டு மாதம் ஆகும். இப்போதே பொறுக்கி வைத்தால் நடவுக்குச் சொந்தக் கன்றே இருக்கும்.

அன்புடன்,
கீழத்தெருப் பேரன், சிங்கப்பூர்