விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸுக்கு மாறலாமா? நிரலாளர் அல்லாத ஒருவரின் ஐயங்கள்

கேள்வி

வணக்கம். என் மடிக்கணினியில் ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியும் 8 ஜிபி நினைவகமும் உள்ளன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால், செயலி பழையது, டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சில்லு) இல்லை என்று நிறுவி மறுத்துவிடுகிறது. இப்போதைக்குப் பாதுகாப்பு இற்றைகளின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். அதுவும் 2026 அக்டோபர் வரைதான். எந்தப் பழுதும் இல்லாமல் ஓடுகிற கணினியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

என் தேவைகள் மிகச் சாதாரணமானவை. இணையம், மின்னஞ்சல், கடிதங்கள், வரவு செலவுக் கணக்கு, புகைப்படங்களைச் சீர்செய்தல், அச்சிடுதல், ஆவணங்களை ஸ்கேன் செய்தல் ஆகியவை போதும். இவற்றோடு தமிழில் நிறைய எழுதுகிறேன். பழைய கட்டுரைகள் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரியாது, கட்டளைகளை மனப்பாடம் செய்யவும் விருப்பமில்லை. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் எனக்கு ஒத்துவருமா? அதன் பல வடிவங்களில், அதாவது வழங்கல்களில், எதைத் தேர்ந்தெடுப்பது? மாறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

வணக்கம் நண்பரே. எந்த வழங்கல் என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். புதிதாக வருபவர்கள் அதிக நேரத்தைச் செலவிடுவது அதில்தான். அவர்களுக்கு மிகக் குறைந்த பயன் தருவதும் அதுவே. நாம் நாள் முழுவதும் புழங்குவது உலாவியோடும் சொற்செயலியோடும்தான். ஆகவே முதலில் விண்டோஸில் இருந்துகொண்டே மென்பொருள்களை மாற்றுங்கள். லிப்ரே ஆபிஸ் (சொற்செயலியும் கணக்குத்தாளும்), ஃபயர்ஃபாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்ட் (மின்னஞ்சல்), விஎல்சி (காணொளி), கிம்ப் (படத் திருத்தம்) ஆகிய அனைத்தும் விண்டோஸிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாதம் இவற்றை மட்டுமே வைத்துக்கொண்டு உங்கள் வேலைகளை முடித்துப் பாருங்கள். அது இயன்றால் இயங்குதளம் மாறும் நாளன்று உங்களுக்குப் புதியதாக இருக்கப்போவது மெனுவும் கோப்புறைகளின் தோற்றமும் மட்டுமே. இயலாவிட்டாலும் எது தடுக்கிறது என்பது எந்த இழப்பும் இல்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்ததாக ஒரு பென் டிரைவில் லினக்ஸை எழுதி, வன்தட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, அச்சுப்பொறியும் ஸ்கேனரும் தெரிகின்றனவா என்று சோதியுங்கள். பலர் மறந்துவிடும் சோதனை ஒன்று உண்டு: மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டுச் சில நிமிடங்கள் கழித்துத் திறந்து, அது ஒழுங்காக விழித்தெழுகிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கத்திலிருந்து எழாத கணினியை அன்றாடம் பயன்படுத்துவது பெரிய தொல்லை. பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாமே மந்தமாகத்தான் இருக்கும் என்பதால், வேகத்தை மட்டும் அதை வைத்து மதிப்பிட வேண்டாம். வைஃபை தெரியாவிட்டால் பெரும்பாலும் அதன் சில்லுக்குத் தனியுரிம இயக்கி (சில்லை இயக்க அதன் நிறுவனம் தரும் மென்பொருள்) தேவைப்படும் (பிராட்காம் சில்லுகள் சிலவற்றில் இது வழக்கம்). கைபேசியைக் கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கொண்டு அந்த இயக்கியை இறக்கிக்கொள்ளலாம்.

வழங்கலைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலின் சின்னமன் பதிப்பு போதும். உபுண்டு 24.04 என்னும் மற்றொரு வழங்கலை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை இற்றைகள் வரும். விண்டோஸில் பழகிய கைக்கு அதன் பணிப்பட்டையும் மெனுவும் அந்நியமாகத் தோன்றா.

நிறுவும் முன் கோப்புகள் அனைத்தையும் வெளிவன்தட்டில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே எண்ணுவதில்லை. விண்டோஸ் வட்டு பிட்லாக்கரால் (விண்டோஸின் வட்டு மறையாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வதாக இருந்தால், வட்டின் பகுதியை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே சுருக்குங்கள். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் முழுமையாக அணையாது. அந்நிலையில் விண்டோஸ் பகுதியில் உள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்க மட்டுமே முடியும், மாற்ற முடியாமல் போகும்.

கட்டளைகளைப் பற்றி அஞ்ச வேண்டாம், அன்றாட வேலைக்கு அவை தேவைப்படா. ஆனால் உதவி கேட்டால் பலரும் ஒரு வரிக் கட்டளையையே பதிலாகத் தருவார்கள். பத்து இடங்களில் சொடுக்கச் சொல்வதைவிட அது பிழையற்றது என்பதே காரணம். என்ன செய்கிறது என்று புரியாத கட்டளையை, குறிப்பாக நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டளையை, ஒட்டி இயக்காமல் இருந்தால் போதும்.

இரண்டாம் பதில்

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் மாறிவிட்டு மூன்றே மாதங்களில் விண்டோஸுக்குத் திரும்பியவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். என் வேலையில் தொண்ணூறு விழுக்காடு லினக்ஸில் நன்றாகவே நடந்தது. மீதிப் பத்தில் ஒன்று, படிவங்களில் மின்கையொப்பம் இட உதவும் ஒரு யூஎஸ்பி கருவி. அதன் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. மற்றொன்று, மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) நிறைந்த ஓர் எக்செல் கோப்பு. லிப்ரே ஆபிஸ் அந்த மேக்ரோக்களில் சிலவற்றை ஓட்டியது, சிலவற்றில் பிழை காட்டி நின்றது. அந்த இரண்டுக்காக நாள்தோறும் கணினியை அணைத்து விண்டோஸில் தொடங்கிச் சலித்துப்போய், கடைசியில் அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது லினக்ஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் மற்றொரு கணினி போல இயங்கும் மென்பொருள்) வழியாக ஒரு விண்டோஸை வைத்துக்கொண்டு இரண்டாம் முறையாக மாறியிருக்கிறேன், இது நிலைத்திருக்கிறது.

ஆகவே மாற்றே இல்லாத மென்பொருள் ஏதேனும் உங்களிடம் உண்டா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஃபோட்டோஷாப்புக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் கணினிப் பதிப்புக்கும் லினக்ஸ் வடிவம் கிடையாது. ஒயின் என்னும் மென்பொருள் விண்டோஸ் நிரல்கள் பலவற்றை ஓட்டும் என்றாலும், உங்கள் பிழைப்பே ஒரு நிரலை நம்பியிருக்கும்போது ஒயினை நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேர்டு கோப்புகளைப் பிறருடன் பரிமாறும்போது வரிகள் இடம் மாறுவதற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். காலிப்ரிக்கு ஈடாகக் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்கு ஈடாகக் கலாடியா என ஒரே அகல அளவு கொண்ட கட்டற்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றை நிறுவினால் சாதாரணக் கடிதங்கள் குலையா. அட்டவணைகளும் உரைப்பெட்டிகளும் நிறைந்த கோப்புகள் எப்படியும் சற்றுக் கலையும். திருத்தம் தேவைப்படாத நிலையில் அவற்றைப் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் பதில்

தமிழ் பற்றி மட்டும் சொல்கிறேன். பாமினி, யூனிகோடு (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் பொதுமுறை) எழுத்துரு அன்று. அதில் எழுதிய 'அம்மா' என்னும் சொல் கோப்புக்குள் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். இது லினக்ஸின் குறை இல்லை, எழுத்துரு நிறுவப்படாத விண்டோஸிலும் இப்படித்தான் தெரியும். பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து, லினக்ஸில் அதை இருமுறை சொடுக்கினால் நிறுவும் பொத்தான் வரும். கட்டுரைகள் மீண்டும் தமிழில் தெரியும்.

இருந்தாலும் இதைச் சாக்காக வைத்து அவற்றைச் சிறிது சிறிதாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியில் உள்ளவற்றைத் தேடுபொறியாலும் தேட முடியாது, நம் கணினியின் தேடல் பெட்டியாலும் தேட முடியாது. மாற்றிகள் பல இருக்கின்றன, ஆனால் கட்டுரையின் நடுவே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக்கிக் குழப்பிவிடும் என்பதால், மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது அவசியம்.

என்ஹெச்எம் ரைட்டர், அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் விண்டோஸுக்காக உருவானவை. லினக்ஸில் ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் என்னும் பன்மொழித் தட்டச்சு முறைகளின் தொகுப்பை நிறுவிக்கொண்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு என எல்லா முறைகளும் கிடைக்கும். நிறுவியவுடன் பட்டியலில் தமிழ் தெரியாவிட்டால் பதற வேண்டாம், ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரங்கள் விண்டோஸில் லிப்ரே ஆபிஸை மட்டும் பயன்படுத்தினேன். கணக்குக் கோப்பில் ஒரு வரைபடத்தின் நிறங்கள் மாறியதைத் தவிர வேறு சிக்கல் இல்லை. நேற்று விண்டோஸின் பக்கத்திலேயே மின்டை நிறுவினேன். வைஃபை, ஒலி, மூடி மூன்றும் சரியாக இருக்கின்றன. அச்சுப்பொறியை நான் எதுவும் செய்யாமலேயே அது கண்டுகொண்டது எனக்கு வியப்பு. பாமினிக் கட்டுரைகளும் திறக்கின்றன. ஆனால் லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் அங்கே கடிகாரம் பல மணி நேரம் தவறாகக் காட்டுகிறது. ஏதேனும் கெட்டுவிட்டதா?

முதல் பதிலளித்தவர்

எதுவும் கெடவில்லை. கணினியின் தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாக வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் உங்களுக்குத் தவறாகத் தெரிகிறது. விண்டோஸின் நேர அமைப்புக்குச் சென்று இணையத்துடன் ஒத்திசைக்கச் சொன்னால் அந்த முறைக்குச் சரியாகிவிடும். நிலையான தீர்வு வேண்டுமென்றால், லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்னும் கருவியைக் கொண்டு வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி அமைக்கலாம். அம்முறை முழுமையாக ஆதரிக்கப்படுவதில்லை என்று அந்தக் கருவியே ஓர் எச்சரிக்கை காட்டும். விண்டோஸ் உடனிருக்கும் வரை அதைப் பொருட்படுத்த வேண்டாம், விண்டோஸை நீக்கும் நாளில் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.