வார்டில் தானாகச் சாப்பிட்டவருக்கு வீட்டில் ஏன் ஊட்டிவிடுகிறார்கள்?

வைகைத்தென்கரை எழுதியது:

வணக்கம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் உள்நோயாளி மறுவாழ்வுப் பிரிவில் 11 ஆண்டுகளாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணியாற்றுகிறேன்; குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகள் தாமே செய்யப் பயிற்றுவிப்பது எங்கள் வேலை. ஆறு மாதங்களுக்கு முன்பு மூத்த தெரபிஸ்ட் பொறுப்பு என்னிடம் வந்தது. என் மேற்பார்வையில் மூன்று இளையவர்கள் இருக்கிறார்கள். (ஓ.டி. என்று சுருக்கி எழுதினால் ஆபரேஷன் தியேட்டர் என்று படித்துவிடுகிறார்கள் என்பதால் முழுப்பெயரையே எழுதுகிறேன்.)

திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து எங்களிடம் மூன்று வாரங்கள் தங்கியிருந்தார். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய கரண்டியைப் பிடித்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது தானாகவே சாப்பிட்டார். எஃப்.ஐ.எம். மதிப்பீட்டில் (அன்றாட வேலைகளை ஒருவர் பிறர் உதவியின்றி எவ்வளவு செய்கிறார் என்று அளக்கும் அளவுகோல்) சாப்பிடுதலுக்கு 6 என்று நாங்கள் பதிவு செய்திருக்கிறோம். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது, வீட்டில் மூன்று வேளையும் மனைவிதான் ஊட்டிவிடுகிறார் என்று தெரிந்தது. கேட்டதற்கு, "சிந்துது, நேரமும் ஆகுது, பாக்கப் பாவமா இருக்கு" என்றார். இப்படி வருகிறவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். குடும்பத்தாருக்கு நாங்கள் சரியாகச் சொல்லவில்லையா, அல்லது பயிற்சியிலேயே குறை இருக்கிறதா? பொறுப்பில் இருப்பவளாக நான் எதை மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையதெரபிஸ்ட் எழுதியது:

குடும்பத்தாரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். அவர் வார்டில் சாப்பிட்டதை உங்கள் குழுவில் யார், எந்த வேளையில், பார்த்தார்கள்? காலை டிபன் எட்டு மணிக்கு வந்துவிடும். தெரபிஸ்ட் ஒன்பது மணிக்கு மேல் வருவார். அதற்குள் நர்சும் அட்டெண்டரும் சேர்ந்து நோயாளியைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, சாப்பிடவும் வைத்து முடித்திருப்பார்கள். நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலைகள் அத்தனையும் நாம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட, பதினோரு மணிக்குத் தெரபி அறையில் கூம்புகளை அடுக்கவும் குச்சிகளைச் செருகவும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன் என்பதால் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, அந்த 6. எஃப்.ஐ.எம். 18 இனங்களைக் கொண்டது; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அதில் 6 என்றால் துணைக்கருவியோடு, பிறர் உதவியில்லாமல் செய்கிறார் என்று பொருள். சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து தட்டை அருகில் நகர்த்தி, கரண்டியைக் கையில் பொருத்திவிட்டது மனைவி என்றால் அது 5. நம் ஊர்ச் சாப்பாட்டில் பிசைவதுதான் பாதி வேலை. வாய்க்குக் கொண்டுபோகும் பாதியை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, தானாகச் சாப்பிடுகிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும் அந்த அம்மாள் மீதியையும் தன் கையிலேயே எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

மூத்த தெரபிஸ்ட் என்ற முறையில் உங்கள் கையில் இருக்கும் பெரிய கருவி டியூட்டி பட்டியல்தான் என்பது என் கருத்து. மூவரில் ஒருவரைக் காலை ஆறரை மணிக்கு வரச் செய்யுங்கள். அவர் இரண்டரைக்குக் கிளம்பிவிடலாம். வாரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொண்டால் மேலூரிலிருந்தோ வாடிப்பட்டியிலிருந்தோ பேருந்தில் வருகிறவர்களுக்கும் பாரமாக இருக்காது. முதல் இரண்டு வாரங்கள் நீங்களே அந்த நேரத்தில் வந்து நின்றால், நர்சிங் பிரிவினர் முணுமுணுப்பதும் குறையும். குளியலறை வாசலில் நின்று பார்க்கும் அரை மணி நேரத்தில் தெரிவது, தெரபி அறையில் ஒரு வாரம் பார்த்தாலும் தெரியாது. இடப்பக்கப் புறக்கணிப்பு (மூளைப் பாதிப்பால் இடப்பக்கம் இருப்பவற்றைக் கவனிக்காத நிலை) உள்ள ஒருவர், இலையின் இடக்கோடியில் இருந்த உப்பையும் ஊறுகாயையும் அதை ஒட்டியிருந்த பொரியலையும் தொடவே இல்லை. அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று வீட்டார் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் நான் அங்கே இருந்ததால்தான் அது என் கண்ணில் பட்டது.

உசிலம்பட்டிமகள் எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். என் அப்பாவுக்கும் வலப்பக்கம்தான் பக்கவாதம் வந்தது. ஊட்டிவிட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எங்கள் தரப்பைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையில் அப்பா நாற்காலியில் அமர்ந்து, கட்டிலோடு சேர்ந்த மேசையில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் மேசையே கிடையாது. எல்லோரும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவரைத் தரையில் உட்கார வைப்பதே போராட்டம். உட்கார்ந்தாலும் தட்டு எங்கோ கீழே இருக்க, கரண்டி வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில் கொட்டிவிடும். இதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இடது கையால் சாப்பிடச் சொன்னபோது அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். அந்தக் கை எதற்கு உரியது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதைவிட, பார்க்க வருகிற உறவினர்களின் பேச்சுதான் தாங்க முடியாதது. பெற்ற அப்பனைச் சிந்தச் சிந்தச் சாப்பிடவிட்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று என் அத்தையே சொன்னார். அதன் பிறகு ஊட்டாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒரு தெரபிஸ்ட் அம்மா, என் அத்தையையும் வரச்சொல்லி எதிரில் உட்கார வைத்து, "முதல் பத்து வாய் அவரே சாப்பிடட்டும், அசந்த பிறகு நீங்கள் ஊட்டுங்கள்" என்றார். ஊட்டக்கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. அந்தப் பத்து, இரண்டு மாதத்தில் முழுத்தட்டு ஆயிற்று. தட்டை வைக்க முக்காலியின் மேல் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டோம்.

நாற்பதடிச்சாலை எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். பழையதெரபிஸ்ட் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒருவரைக் காலைக்கு ஒதுக்கினால் பிற்பகலில் வரும் புதிய நோயாளிகளின் மதிப்பீடு தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி அந்தச் சகோதரி சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் நாம் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்ப்பது நடக்காத காரியம். சேர்ந்த முதல் வாரத்திலேயே வீட்டாரிடம் வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் செல்போனில் வீடியோ எடுத்து வரச் சொல்கிறோம். சாப்பிடும் இடத்தையும் சேர்த்துத்தான். கதவுகளின் அகலத்தை ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தால் போதும், சக்கர நாற்காலி நுழையுமா என்று இங்கேயே பார்த்துவிடலாம். வாசற்படி அரை அடி உயரம் என்றால் 1:12 சரிவுக்கு (ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம்) ஆறடி நீளச் சாய்தளம் வேண்டும். பல வீடுகளில் அது தெருவுக்கே போய்விடும் என்பது முன்பே தெரிந்தால், டிஸ்சார்ஜ் அன்று அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை.

வைகைத்தென்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் இளையவர் அவரைப் பார்த்த நேரம் முற்பகல் 11.40 என்று இருக்கிறது. அப்போது தட்டில் இருந்தது சோறு அல்ல, பயிற்சிக்காக வைத்த அவல். பிசைய வேண்டிய தேவையே இல்லை. 6 என்று நாங்கள் எழுதியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த மாதப் பட்டியலில் காலை முறையைச் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பிற்பகல் மதிப்பீடுகளை நானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருப்பதால் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: வலது கையில் பிடி ஓரளவுதான் திரும்பியிருக்கும் நிலையில், பிசைவதையும் அந்தக் கையிலேயே தொடங்கலாமா, அல்லது கரண்டி பழகும் வரை காத்திருக்கலாமா?

பழையதெரபிஸ்ட் எழுதியது:

விரல்கள் விருப்பப்படி சிறிதேனும் விரியுமானால் காத்திருக்க வேண்டாம். வெறும் இறுக்கம் மட்டும் இருந்தால் இப்போது வேண்டாம். குழைய வடித்த சோற்றில் தயிர் ஊற்றித் தொடங்குங்கள். தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி, ஓரம் உயர்ந்த தட்டு, பலகையின் மேல் முழங்கை ஊன்ற இடம், இவை போதும். பிசையும் வரை கரண்டியை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். சாம்பார் சோறு இரண்டாவது வாரத்தில் வரட்டும், ரசத்துக்கு அவசரப்படாதீர்கள்.