சம்பளத்தில் பிடிக்கப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தா: குடும்பத்தின் அளவு ஏன் கணக்கில் வருவதில்லை?

கேள்வி:
வணக்கம். முதன்முறையாக மாதச் சம்பள வேலையில் சேர்ந்திருக்கிறேன். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய் ஆகியோர் என் வருமானத்தை நம்பியே இருக்கின்றனர். பொது மருத்துவக் காப்பீட்டுக்காக என்னிடம் பிடிக்கப்படும் சதவீதமும் திருமணமாகாத சக ஊழியரிடம் பிடிக்கப்படும் சதவீதமும் ஒன்றாகவே உள்ளன. முன்பு தனியார் பாலிசிக்கு விண்ணப்பித்தபோது ஒவ்வொருவருடைய வயதையும் நோயையும் கேட்டே பிரீமியத்தைக் கணக்கிட்டார்கள். அப்படியிருக்க, என் குடும்பத்தினர் இதில் உண்மையிலேயே அடங்குகிறார்களா? வேலை போய்விட்டால் என்ன ஆகும்?

பதில் 1:
பிடித்தத்தில் பிழை இல்லை. தனியார் காப்பீடு ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பை அளந்து விலை வைக்கிறது. ஊழியர்களுக்கான பொதுக் காப்பீடோ அவரால் எவ்வளவு கொடுக்க இயலும் என்பதைப் பார்த்தே சந்தாவை நிர்ணயிக்கிறது. ஜெர்மனியில் பொது விகிதமான 14.6 சதவீதத்தை ஊழியரும் நிறுவனமும் சரிபாதியாகச் செலுத்துகின்றனர். இந்தியாவின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) திட்டத்தில் 2019 ஜூலையில் நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதமாகவும் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. இரண்டிலும் குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்வி சந்தாக் கணக்கில் எழுவதில்லை. உங்கள் சக ஊழியருக்கு இதில் அநீதி இழைக்கப்படுவதாக நான் கருதவில்லை. அவருக்கும் நாளை குழந்தை பிறக்கலாம், அப்போது அவருடைய சந்தா விகிதம் உயரப்போவதில்லை.

பதில் 2:
மேற்கண்ட விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1883இல் ஜெர்மனியில் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் காலத்தில் வந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம், மருத்துவச் செலவைப் போலவே, நோயால் கூலி இழப்பதையும் ஈடுகட்ட முனைந்தது. வேலைக்குச் செல்ல இயலாத தொழிலாளிக்கு அதிகபட்சம் 13 வாரங்களுக்குப் பாதிக் கூலி வழங்கப்பட்டது. குடும்பத்தினருக்கான சிகிச்சை கட்டாயப் பயனாக மாறியது பின்னாளில்தான். இந்த வேறுபாடு இன்றும் தொடர்கிறது. சிகிச்சை குடும்பத்துக்கும் உண்டு. நோய்க்கால உதவித்தொகையோ சந்தா செலுத்தும் ஊழியருக்கு மட்டுமே உரியது. இ.எஸ்.ஐ.யில், சந்தா செலுத்திய நாள்கள் குறித்த நிபந்தனைக்கு உட்பட்டு, கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். பலர் இந்தப் பணத்தைக் கோராமலேயே விட்டுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

பதில் 3:
உங்கள் நிலையில் நான் முதலில் விசாரிப்பது தாயைப் பற்றித்தான். வாழ்க்கைத் துணையையும் குழந்தைகளையும் பெரும்பாலான திட்டங்கள் ஏற்கின்றன. பெற்றோர் விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஜெர்மனியின் குடும்பக் காப்பீட்டில் பெற்றோருக்கு இடமில்லை. இ.எஸ்.ஐ.யில் சார்ந்து வாழும் பெற்றோர் சேர்க்கப்படுகின்றனர். ஜப்பானிலும் அவ்வாறே, எனினும் 75 வயதை எட்டியவர்கள் முதியோருக்கான தனித் திட்டத்துக்கு மாற்றப்படுகின்றனர். சார்ந்திருப்பவரின் சொந்த வருமானத்துக்கும் பொதுவாக ஓர் உச்சவரம்பு இருக்கும். ஓய்வூதியம் பெறுபவராயின் அதையும் மறைக்காமல் தெரிவியுங்கள். பிடித்தம் நடப்பதனாலேயே குடும்பத்தினரின் பெயர்கள் தாமாகப் பதிவாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

வேலை போனால், காலக்கெடுவே முக்கியம். ஜப்பானில் பழைய காப்பீட்டை இரண்டு ஆண்டுகள் வரை தொடரலாம். ஆனால் 20 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நிறுவனம் செலுத்திவந்த பங்கையும் நாமே ஏற்க வேண்டும். ஜெர்மனியில் வேலையின்மை உதவித்தொகை பெறும் காலத்தில் சந்தாவை வேலைவாய்ப்பு முகமையே செலுத்துகிறது. உங்கள் திட்டத்தின் கெடு எத்தனை நாள் என்பதை வேலையில் இருக்கும்போதே எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அலுவலகத்தில் விசாரித்தேன். மனைவி, குழந்தைகளின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. தாயின் பெயர் இல்லை. அவருடைய வருமானச் சான்றுடன் நாளை விண்ணப்பிக்கிறேன்.