ஒரே விதைப்பாசி, இரண்டு மிதவையில் இரண்டு விளைச்சல்: விதை தேய்ந்துவிட்டதா?

வடகடல்பாசி கேட்டது:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடம் பக்கம் வடகடலில் கப்பாபைகஸ் (ஊரில் பெப்சிப் பாசி) போடும் மகளிர் குழுக்களுக்காகக் கேட்கிறேன். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஆக மிதவைக்கு 60 கிலோ விதை. 45 நாளில் 260 கிலோ வரவேண்டியது, ஒரு குழுவுக்கு 180 கிலோவைத் தாண்டவில்லை. அதே நாளில் அதே குவியலிலிருந்து விதை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போட்ட குழுவுக்கு 250 கிலோ வந்திருக்கிறது.

"விதை தேஞ்சு போச்சு, வேற ஊர் விதை வாங்குங்க" என்கிறார்கள் பாதிப் பேர். "பெருத்த பாசியா பாத்துப் பொறுக்கி விதை வச்சா, போகப் போக இனம் நல்லாயிரும்" என்கிறார்கள் மீதிப் பேர். மரபணு தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எது சரி? இன்னொன்று, பழுப்புப் பாசியில் ஒரு கிளை மட்டும் பச்சையாக வருகிறது. அதை வைத்துக்கொள்வதா, கழிப்பதா?

---

நுனிக்கிளை பதில்:

தங்கச்சி, முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் "விதை" என்பது விதையே இல்லை, வெட்டிய துண்டு. நெல் விதையில் தாயும் தகப்பனும் கலந்திருக்கும். பாசித் துண்டில் அந்தக் கலப்பு கிடையாது. உங்கள் மிதவையில் தொங்கும் 400 முடிச்சும் மரபணுக் கணக்கில் ஒரே செடி, 400 இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. பிலிப்பைன்ஸைப் பூர்வீகமாகக் கொண்டு ஜப்பான் வழியாக இந்தியா வந்த சிறிதளவு பாசியைத்தான் 1990-களிலிருந்து மண்டபம் பக்கம் வெட்டி வெட்டிக் கட்டுகிறோம். ஆண்டுக்கு 5 சுற்று என்று வைத்தால்கூட 25 ஆண்டில் 125 தடவை வெட்டு விழுந்திருக்கும்.

அதனால் ஒரே குளோனுக்குள் (ஒரே செடியின் நகல்களுக்குள்) பெருத்ததைப் பொறுக்கினால் இனம் மாறாது. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-இல் பீன்ஸ் விதையில் இதைக் காட்டிவிட்டார். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் தூய வழி ஒன்றிலிருந்து பெரிய விதையையும் சின்ன விதையையும் பிரித்து விதைத்தார். இரண்டின் சந்ததியிலும் சராசரி எடை ஒன்றாகவே வந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியது மண்ணும் காய் இருந்த இடமும். அது அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. "ஜீன்" என்ற சொல்லையே 1909-இல் கொடுத்தவர் அவர்தான்.

பெருத்த பாசியில் விதை வைத்தால் பலன் தெரிகிறதே என்பீர்கள். தெரியும், ஆனால் காரணம் வேறு. நன்றாகப் பெருத்த கொத்தில் இளம் நுனிகள் அதிகம், நோய் குறைவு. பாசி வளர்வது நுனியிலிருந்துதான். அடித்தண்டுக்கும் நுனிக்கும் மரபணு ஒன்றே, ஆனால் வேலையில் இருக்கும் மரபணுக்கள் வேறு. கிழட்டு அடித்தண்டை 150 கிராம் கட்டினால், வெட்டுக்காயம் ஆறிப் பக்கக்கிளை விடவே நாள் போய்விடும். 180 கிலோ எடுத்த குழு குவியலின் அடியில் மிஞ்சிய தண்டைக் கட்டியதா என்று கேட்டுப் பாருங்கள்.

45 நாள் என்பதிலும் மரபணு வேலை இருக்கிறது. பாசி முதலில் செய்வது மியூ என்ற முன்னோடிச் சர்க்கரை. அதிலிருந்து ஒரு சல்பேட்டைக் கழற்றிக் கப்பா காரஜீனனாக (பாசியிலிருந்து எடுக்கும் ஜெல் பொருள்) மாற்ற ஒரு நொதி வேண்டும், அந்த நொதிக்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது. 30 நாளில் அறுத்தால் மாறாத மியூ அதிகம் நின்று, ஜெல் இறுகாது. அவசரத்தில் சீக்கிரம் அறுத்துவிட்டு இனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

---

கச்சான்காத்து பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் இங்கே பேசி முடிவு கட்ட முடியாது, கடலில் கட்டித்தான் பார்க்க வேண்டும். இரண்டு விதையை இரண்டு இடத்தில் போட்டு ஒப்பிட்டால், வித்தியாசம் விதையாலா இடத்தாலா என்று பிரிக்கவே முடியாது. இரண்டையும் ஒரே மிதவையில் போடுங்கள்.

20 கயிற்றில் ஒன்று விட்டு ஒன்று: முதல் கயிறு உங்கள் விதை, இரண்டாவது வெளியூர் விதை, இப்படியே கடைசி வரை. ஒரு பாதியில் ஒன்று, மறு பாதியில் மற்றொன்று என்று கட்டிவிடாதீர்கள். ஓரக்கயிறுகளுக்கு நீரோட்டம் அதிகம், அதுவே எடையைக் கூட்டிக் கணக்கைக் கெடுத்துவிடும். கயிற்று நுனியில் இரண்டு நிறப் பிளாஸ்டிக் துண்டு கட்டி அடையாளம் வையுங்கள். இரண்டிலும் நுனிக்கிளை மட்டும், துண்டுக்கு 150 கிராம். தண்ணீரை உதறி, 2 நிமிடம் வடியவிட்டு நிறுங்கள். இதில் அசட்டை செய்தால் ஒட்டிய தண்ணீரே துண்டுக்குப் பல கிராம் ஏமாற்றும். மிதவைக்கு அடியில் வலை கட்டாயம். ஒரா மீன் மேய்ந்த நுனி வளராத நுனி மாதிரியே தெரியும். மேய்ந்த முடிச்சையும் அறுந்த முடிச்சையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

45-ஆம் நாள் கணக்கு: கடைசி எடையைத் தொடக்க எடையால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, நாளால் வகுக்க வேண்டும். போனில் இருக்கும் கால்குலேட்டரில் எல்.என். பொத்தான். 60 கிலோ 260 ஆனால் நாளுக்கு 3.26 சதவீதம். 180 ஆனால் 2.44.

ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள். அந்த மிதவையிலேயே இரண்டு விதையையும் தனித்தனியாக வெட்டி மறுபடி கட்டுங்கள். இரண்டாம், மூன்றாம் சுற்றில் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால், வெளியூர் விதை கொழுத்த நிலையில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். மூன்று சுற்றும் அப்படியே நின்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அப்போது வேறு விதை தேடுவதில் அர்த்தம் உண்டு.

---

உப்புநீர் பதில்:

"உள்ளே வேறு ஏதோ" என்பதை உடனே மரபணு என்று எழுதிவிட வேண்டாம். துண்டோடு துண்டாக நுண்ணுயிரும், இழைப்பாசியின் தொடக்கமும் அடுத்த சுற்றுக்குப் போகும். தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்த மாதிரியே தெரியும், ஆனால் அது பரம்பரை இல்லை, தொற்று. தோலில் சிறு சிறு புள்ளி எழும்பிச் சொரசொரப்பாக இருந்தால் அந்த இழைப்பாசி வேரூன்றுகிறது. கிளையின் நடுவில் வெள்ளை விழுந்து அங்கேயே முறிந்தால் அது ஐஸ்-ஐஸ் என்ற நோய்.

ஐஸ்-ஐஸ் வரும் நேரத்தையும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் வடகடல் அசையாமல் கிடந்து நீர் 32 டிகிரியைத் தாண்டும்போது, அல்லது ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு ஆயிரத்துக்கு 28-க்குக் கீழே இறங்கும்போது பாசி களைத்துப்போகும், பாக்டீரியா ஏறிக்கொள்ளும். எல்லாம் ஒரே குளோன் என்பதால் தாங்கும் எல்லையும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரு மிதவை விழுந்தால் பக்கத்து மிதவையும் விழும். 2013-ஐ ஒட்டி வெப்பம் ஏறியபோது இந்தக் கரை முழுக்க ஒருசேர அடி வாங்கியது அதனால்தான். என்னைக் கேட்டால், தேய்வைவிட இந்த ஒற்றைத்தன்மைதான் பயப்பட வேண்டிய விஷயம்.

---

வடகடல்பாசி:

நன்றி அண்ணா. விசாரித்தேன், அந்தக் குழு கட்டியது பெரும்பாலும் அடித்தண்டுதான். பச்சைக் கிளையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? திசு வளர்ப்புக் கன்று போட்டால் இந்த ஒற்றைத்தன்மை தீருமா?

---

நுனிக்கிளை பதில்:

பச்சைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். எல்லாப் பாசியிலும் பச்சையம் இருக்கிறது. அதை மறைத்துப் பழுப்பாகக் காட்டுவது பைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமி. வெயில் மிகுந்து தண்ணீரில் நைட்ரஜன் குறைந்தால் பாசி அந்த நிறமியைக் குறைத்துக்கொள்ளும். அப்படி வெளிறினால் கொத்து முழுக்க, மேல்பக்கம் அதிகமாக வெளிறும். கொஞ்சம் ஆழத்தில் இறக்கினால் சில நாளில் பழுப்பு திரும்பும். நீங்கள் சொல்வது ஒரே கிளை, எல்லை வெட்டினாற்போல் இருந்தால், அந்தக் கிளையைத் தொடங்கிய உயிரணுவில் நடந்த மரபணு மாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை மட்டும் வெட்டித் தனிக் கயிற்றில் கட்டுங்கள். மூன்று சுற்றும் பச்சையாகவே வந்தால் உங்களிடம் இரண்டாவது வகை ஒன்று இருக்கிறது. கழிக்காதீர்கள், பழுப்போடு கலக்கவும் செய்யாதீர்கள்.

திசு வளர்ப்பும் வெட்டுத்துண்டின் தம்பிதான். கிருமி நீங்கிய, இளமையான கன்று கிடைக்கும், அதனால் முதல் சில சுற்று நன்றாக வளரும். ஆனால் அதுவும் குளோன். மரபணு புதிதாகக் கலைந்து சேர வேண்டுமென்றால் ஸ்போர் (நுண்ணிய வித்து) வழியாக வர வேண்டும்: நான்கு நான்காக ஸ்போர் உண்டாக்கும் நாற்ஸ்போர்ச் செடி ஸ்போர் விட்டு, அதிலிருந்து ஆண், பெண் செடிகள் முளைத்து, அவை கூடி என்று மூன்று கட்டம். மிதவையில் 45 நாளில் அறுத்துவிடுவதால் பாசி அந்த நிலைக்குப் போவதே அரிது. அது ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை.

---

கச்சான்காத்து பதில்:

வெளியூர் விதை வருமானால் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் கொண்டுவாருங்கள், கடல்நீர் மட்டுமே தெளியுங்கள். நல்ல தண்ணீரோ மழையோ பட்ட பாசியை வைத்து மேலே சொன்ன சோதனையைத் தொடங்கவே வேண்டாம். முதல் சுற்றுக்கு அந்தச் சோதனை மிதவை தனியாக நிற்கட்டும், மற்றவற்றிலிருந்து நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கமாக. உதிரும் துண்டுகளை வலையில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் இந்தப் பாசி படர்ந்ததற்கு ஸ்போர் தேவைப்படவில்லை, துண்டே போதுமாயிருந்தது.