ஒரே ஊசியில் மூன்று தவணை: கரையும் பாலிமர் துகள்களால் இயலுமா?

கேள்வி: கிராம சுகாதார செவிலியர், அணைக்கட்டு வட்டம்
வணக்கம். பிறந்த 6, 10, 14 ஆம் வாரங்களில் போட வேண்டிய பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும்) ஊசியின் முதல் தவணைக்கு மலைக்கிராமத் தாய்மார்கள் வந்துவிடுகிறார்கள். மூன்றாவதற்குள் சில குடும்பங்கள் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விடுகின்றன. பாலிமர் துகள்களுக்குள் மருந்தை அடைத்து ஒருமுறை போட்டால், அடுத்த தவணைகள் உடலுக்குள்ளேயே வெளிப்படும் என்று படித்தேன். பிளாஸ்டிக் போன்ற அது குழந்தையின் உடலில் தங்கிவிடாதா? ஏன் இன்னும் நம் கைக்கு வரவில்லை?

மறுமொழி: மருந்தியல் ஆய்வு மாணவர், வேலூர்
தங்காது, அம்மா. இதற்குப் பெரிதும் பயன்படும் பி.எல்.ஜி.ஏ. என்பது லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கோத்த சங்கிலி. உடலின் நீர் பட்டுக் கண்ணிகள் அறுபட்டதும் அது மீண்டும் அவ்வமிலங்களாகிவிடும், அவற்றை உடல் வழக்கம்போல் செலவழித்துவிடும். பிரிக்கத் தேவையில்லாத தையல் நூலும் இதே குடும்பம்தான். இரண்டும் சரிபாதியாக இருந்தால் ஏறத்தாழ ஒன்றிரண்டு மாதங்களில் கரையும். லாக்டிக் பங்கைக் கூட்டினால் தாமதமாகும். ஆகவே வெவ்வேறு வேகத்தில் கரையும் துகள்களை ஒரே ஊசியில் கலக்கலாம் என்பதே கருத்து. 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகள்களை நோய் எதிர்ப்பு அணுக்கள் விழுங்கிக்கொள்வதும் ஒரு நன்மை.

சிக்கல் மருந்தின் பக்கம் இருக்கிறது. துகள் செய்யும்போது கரைப்பானோடு வேகமாகக் கலக்குவதிலேயே புரதம் சிதையலாம். தப்பினாலும், 37 டிகிரி வெப்பத்தில் ஈரத்தோடு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பாலிமர் உடைந்த அமிலம் துகளுக்குள்ளே தேங்கிப் புளிப்பேற்றும், டெட்டனஸ் டாக்ஸாய்டு (ரணஜன்னித் தடுப்பூசியின் புரதம்) போன்றவை திரண்டு பயனற்றுப் போகும். மக்னீசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அமிலத்தை முறிக்க முயன்றிருக்கிறார்கள். இதே பாலிமரில் அடைத்த லியூப்ரோலைடு என்ற புரோஸ்டேட் புற்றுநோய் மருந்து 1989 இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றதற்குக் காரணம், அது ஒரு சிறிய பெப்டைடு, அதாவது புரதத்தைவிட மிகக் குட்டையான அமினோ அமிலச் சங்கிலி, என்பதுதான். தடுப்பூசிப் புரதங்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல.

மேலும் முதல் நாளிலேயே ஒரு பங்கு கொட்டிவிட்டு மீதி சிறுகச் சிறுகக் கசிவது இத்துகள்களின் பழக்கம். நமக்கு வேண்டியதோ தவணைபோல் விட்டுவிட்டு வெளிப்படுவது. 2017 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், மருந்தை நிரப்பி மூடியிட்ட நுண்கிண்ணங்களைச் செய்து, குறித்த காலத்தில் அவை திறப்பதை எலிகளில் காட்டினார்கள்.

கேட்டவர்:
நன்றி, தம்பி. அப்படியானால் ஐஸ் பெட்டியைச் சுமக்கும் வேலையாவது குறையுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற குளிர்பதனப் பொறுப்பாளர், காட்பாடி
அவ்வளவு எளிதில் குறையாது, அம்மா. போடும்வரை மருந்தைக் காக்க 2 முதல் 8 டிகிரி தேவைப்படலாம். உலர்நிலையில் வெப்பம் தாங்குமென்று தனியே மெய்ப்பித்தால்தான் பெட்டியை இறக்கி வைக்கலாம். எனக்குள்ள தயக்கம் வேறு: இன்று முதல் தவணை ஒவ்வாவிட்டால் அடுத்ததை நிறுத்துகிறோம், உடலுக்குள் போன துகளை எப்படி நிறுத்துவது?