ரோடு சைக்கிள் ஃப்ரேமா கிராவலா, கொஞ்சம் வழி சொல்லுங்கண்ணே

அண்ணே எல்லாருக்கும் வணக்கம், நான் திருப்பரங்குன்றம் பக்கம். நாலு வருஷமா பழைய ஹைபிரிட் சைக்கிள்தான் ஓட்டுறேன், இப்ப காசு சேத்து நல்ல ஃப்ரேமா ஒன்னு எடுக்கலாம்னு இருக்கேன், ஆனா தார் ரோட்டுக்கான ரோடு ஃப்ரேமா, மண் பாதைக்கும் தாங்குற கிராவல் ஃப்ரேமான்னு முடிவு பண்ண முடியல. வாரநாள்ல அழகர்கோயில் ரோடு, தார் ரோடுதான், பிரச்சனை இல்ல. ஞாயித்துக்கிழமை சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவு, கடைசி நாலுல முட்டி கெஞ்சுது. அப்புறம் நாகமலை அடிவாரத்து செம்மண் பாதை, கண்மாய்க்கரை, கருவேல முள்ளு, எனக்கு ரொம்ப புடிச்சதே அதுதான், அத விட மனசே இல்ல.

ரோடு ஃப்ரேம்ல பெரும்பாலும் 32 எம்எம் டயருக்கு மேல போகாது, கிராவல்னா 40 தாராளமா போடலாம், ஆனா ஏத்தத்துல வெயிட்டு இழுக்குமோன்னு பயமா இருக்கு. ஒரே கிராவல் ஃப்ரேம் வாங்கி ரெண்டு செட் வீல் வச்சு, மலைக்கு 30, மண்ணுக்கு 40ன்னு மாத்தி ஓட்டுறவங்க யாராச்சும் இருக்கீங்களா, மாத்துறப்பல்லாம் டிஸ்க் பிரேக் உரசுதா? கியர் முன்னாடி 46/30 பல்லு, பின்னாடி 11-34 பல்லு இருந்தா சிறுமலைக்குப் போதுமா? கார்பன் எடுத்து கல்லடி பட்டா மனசு தாங்காது, அதனால அலுமினியம் பக்கம்தான் சாயுறேன். இன்னொன்னு, முள்ளுக்கு டியூப்லெஸ் போட்டவங்க சொல்லுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு சீலன்ட் (ஓட்டைய அடைக்க டயருக்குள்ள ஊத்துற திரவம்) எத்தன மாசத்துல காயுது?