மறு: ‘ஒலிசார் ஒளித்துலங்கல்’ சரியா?

வணக்கம் அக்கா, மற்ற நண்பர்களுக்கும்.

சத்தம் கேட்பதால் கண்ணிலோ பார்வையிலோ ஏற்படும் மாற்றத்தைக் குறிக்க நீங்கள் முன்வைத்த ‘ஒலிசார் ஒளித்துலங்கல்’ இலக்கணப்படி சரியான சொல்தான். ஆனால் வகுப்பில் நிற்காது. இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை இதைப் பலகையில் எழுதாமல் வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். கொப்பிகளைப் பார்த்தால் ‘ஒளிசார் ஒலித்துலங்கல்’, ‘ஒலிசார் ஒலித்துலங்கல்’ என்று விதவிதமாக இருந்தது. ஒரு பிள்ளை ளகரம் போட்டு, அழித்து, லகரம் போட்டு, மறுபடி அழித்ததில் தாளே ஓட்டையாகிவிட்டது. பிள்ளைகள் மேல் பிழை இல்லை. ல, ள பிரியாத நம் பேச்சில் இந்தச் சோடி ஒரே சொல்லுக்குள் வரவே கூடாது. ‘ஒலி’யை விட்டு ‘ஓசை’யை எடுப்போம்.

அப்புறம், ‘துலங்கல்’ என்றால் தூண்டலுக்கு உடல் காட்டும் எதிர்வினை. அது இரண்டு வேறு விசயங்களை ஒன்றாக்குகிறது. திடீர்ச் சத்தம் கேட்டால் வெளிச்சம் மாறாமலே கண்மணி சற்று விரியும். அது நாம் நினைக்காமலே உடலை உசார்ப்படுத்தும் பரிவு நரம்புகளின் வேலை, துலங்கல்தான். அதற்கு ‘ஓசைவழிக் கண்மணி விரிவு’ போதும்.

மற்றது அப்படியல்ல, அது சத்தம் பார்வையை ஏமாற்றுவது. 2000ஆம் ஆண்டு ஷாம்ஸ், கமிதானி, ஷிமோஜோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் ‘நேச்சர்’ விஞ்ஞான இதழில் எழுதியது: பார்வையின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் ஒரே தடவை பளிச்சிடுகிறது. அதனோடு ‘பீப்’ சத்தம் அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்டால், இரண்டு தடவை பளிச்சிட்டதாகவே கண்ணுக்குத் தெரிகிறது. சிமிட்டும் விளக்கோடு விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தத்தின் வேகத்தைக் கூட்டினால், விளக்கும் வேகமாகச் சிமிட்டுவதாகத் தெரியும் என்று 1964இலேயே ஷிப்லி காட்டிவிட்டார். எங்கள் பக்கம் காமன் கூத்து இரவில் தப்பு மேளம் துரிதமாகும்போது தீப்பந்தமும் கூடத் துள்ளுவதாக எனக்குத் தோன்றும். சின்ன வயதில் காற்று என்று நினைத்திருந்தேன்.

இந்த ஏமாற்றத்துக்கு ‘மாயை’ வேண்டாம், தத்துவ வாசம் அடிக்கிறது. ‘திரிபு’ என்றால் கெட்டுப்போனது என்ற தொனி. எனக்குப் பிடித்தது ‘மயக்கம்’. தலைசுற்றல் நினைவுக்கு வரும் என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார், நியாயம்தான். ஆனாலும் உருபு மயக்கம், திணை மயக்கம் எல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தவை. ஓர் உருபு நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பது உருபு மயக்கம். இங்கே கண் எண்ண வேண்டியதைச் செவி எண்ணிவிடுகிறது. ஆகவே ‘புலன்மயக்கம்’, இந்த வகைக்கு ‘ஓசைவழிப் புலன்மயக்கம்’.

கண் செவியை ஏமாற்றும் எதிர்ப்பக்கமும் பொருந்துகிறதா என்று பார்த்தேன். 1976இல் மக்கர்க்கும் மக்டொனால்டும் கண்டது: வாயசைவு ஓர் எழுத்து, சத்தம் வேறோர் எழுத்து, காதில் விழுவது மூன்றாவது. அது ‘காட்சிவழிப் புலன்மயக்கம்’. இழுக்காமலே வந்து உட்காருகிறது.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம் வாயால் சொல்லி எழுதவைத்துப் பார்க்கிறேன். இதிலும் லகர ளகரம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள் அக்கா, ஒற்றை லகரம்தான்.